தண்ணீர் மணிக்கூட்டின் தண்டு

அன்னபாக்கியத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி விமலேஸ்வரி குசினிக்குள் சமைத்தபடியே சிரித்தாள். "எழுதுங்கோ, எழுதுங்கோ. உங்கட பங்கையும் விடாமல் எழுதுங்கோ," என்றாள். விடாமல்தான் எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருடம் இந்தச் சிரிப்போடு குடும்பம் நடத்தியவனுக்கு வேறு வழி இல்லை.

என் பெயர் முத்துலிங்கம். அக்கராயன் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்துக் கமம் செய்கிறவன். எங்கள் வாய்க்காலின் கமக்காரர் அமைப்புக்கு, இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைக் கழித்துப் பார்த்தாலும், இருபது வருடத்துக்கு மேல் செயலாளர். அந்த வேலைக்கு வேறு ஆட்கள் முன்வரவில்லை என்பது ஒரு காரணம். முன்வந்த இரண்டு பேரையும் நான் கத்தியே கலைத்துவிட்டேன் என்பது மற்றக் காரணம். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் என் முன்னால் சொல்வதில்லை.

அன்னபாக்கியத்தின் கடை சந்தியில் இருக்கிறது. தகரக் கூரை போட்ட ஓர் அறை. வாசலில் ஒரு பலகை: 'மணிக்கூடு, மூக்குக் கண்ணாடி, தையல் மெசின், மருந்தடிக்கும் பம்பி திருத்தப்படும்.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'ஏலாததை ஏலாது என்று சொல்லப்படும்.' இந்தக் கடைசி வரிக்காகவே அவரிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சியில் ஒரு கடையில் கொடுத்தால் மூன்று மாதம் அலைய விட்டுத்தான் ஏலாது என்பார்கள். இவர் மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அவருக்கு இப்போது நாற்பத்தேழு வயது. தாய் தகப்பன் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்டு, ஒரு தகரப் பெட்டியோடு வன்னிக்கு வந்தார்கள். இவர் பிறந்தது இங்கேதான். "தேயிலைச் செடி எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாது ஐயா, பைக்கற்றிலதான் கண்டனான்," என்று ஒருமுறை சொன்னார். ஆனாலும் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் அவர்களைத் 'தோட்டத்து ஆக்கள்' என்றுதான் சொல்வோம். நானும் சொன்னவன்தான்.

எங்கள் பக்கம் என்றால், யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து காணி எடுத்தவர்கள். நாங்கள் முதலில் வந்தோம், வாய்க்காலின் தலைப்பக்கக் காணி எங்களுக்குக் கிடைத்தது. அவர்கள் பிறகு வந்தார்கள், கடைசிப் பக்கம் அவர்களுக்கு. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனால் தண்ணீர் தலையில் இருந்துதான் கடைசிக்கு ஓடும்.

பதினாறு வயதில் அன்னபாக்கியம் ஓர் இரும்புப் பட்டறைக்கு வேலைக்குப் போனார். யுத்தத்தின்போது அரசாங்கம் வன்னிக்குள் பற்றரியும் எண்ணெயும் வர விடாத தடைக் காலம் அது. ரேடியோ கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் மின்சாரம் எடுக்க வேண்டும். ஊர் முழுக்கச் செய்தி கேட்டதில் டைனமோக்களின் அச்சு எல்லாம் தேய்ந்து போனது. அந்த அச்சுகளைக் கடைந்து கொடுப்பதுதான் பட்டறையில் அவருடைய வேலை. லேத் மெசினை ஓட்ட மின்சாரம் இல்லாததால் அதையும் ஒருவர் மிதித்துத்தான் சுழற்றினார். "முடியில பாதி அளவு கூடினாலும் அச்சு இறுகும், குறைஞ்சா ஆடும்," என்பார் அன்னபாக்கியம். இப்படி நூற்றுக்கணக்கில் கடைந்து கை பழகிவிட்டது.

யுத்தம் முடிந்து மீளக்குடியேறிய பிறகு கிளிநொச்சியில் பழைய இரும்புக் கடையொன்றில் ஒரு முழ நீளத்தில் ஒரு குட்டி லேத்தைக் கண்டெடுத்தார். துருப்பிடித்துக் கிடந்ததை ஆறு மாதம் தேய்த்துக் கழுவி, தையல் மெசின் மோட்டர் பூட்டி ஓட வைத்தார். அது ஓடும்போது அவர் கதைக்க மாட்டார். நீங்கள் கதைத்தாலும் அவருக்குக் கேட்காது. நான் போய் வணக்கம் சொல்லி, பதில் வராமல், வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு.

அதே தடைக் காலத்தில்தான் எங்கள் வாய்க்காலுக்கும் ஒரு மணிக்கூடு வந்தது. மழையில்லாத சிறுபோகத்தில் எங்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர். காலை ஆறு மணிக்குக் குளத்தின் மதகை, எங்கள் பேச்சில் துருசை, திறப்பார்கள், பின்னேரம் ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். நண்பகல் வரை தலைப்பக்கம், அதன் பிறகு கடைசிப்பக்கம். நண்பகல் எப்போது என்பதில்தான் மண்வெட்டி தூக்குகிற அளவுக்குச் சண்டை. கடைசியில் முதல் செயலாளராக இருந்த வீரகத்தி வாத்தியார், சாவி கொடுத்து ஓடும் தன் கைமணிக்கூட்டைக் கழற்றி அமைப்புக்குக் கொடுத்தார். 'தண்ணீருக்கு இந்த மணிக்கூடு காட்டுவதே நேரம்' என்று அறிக்கைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினார்கள். அது செயலாளரின் கண்ணை விட்டுப் போகக் கூடாது என்றும் எழுதினார்கள். இன்றைக்கும் போகத்தின் முதல் தண்ணீர் நாளில் அதைப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்து, சந்தனம் தொட்டுத்தான் எடுப்போம்.

"இப்பதான் எல்லாரிட்டையும் போன் இருக்கே," என்று இளம் ஆட்கள் கேட்டார்கள். "ஆரின்ர போனில பாக்கிறது?" என்று நான் கேட்டேன். கதை அதோடு முடிந்தது.

தண்ணீர் நாளில் நான் செய்வது இதுதான். துருசடியில் நின்று, ரேடியோவில் ஆறு மணி அடிக்கும்போது மணிக்கூட்டின் குமிழை வெளியே இழுத்து முள்ளை ஆறில் வைப்பேன். குமிழை உள்ளே தள்ளிவிட்டு, என் வயலை நோக்கி நடந்துகொண்டே இருபத்தைந்து தரம் சாவி கொடுப்பேன். நடக்கும்போது மணிக்கூட்டை யார் பார்ப்பார்? பாம்புக்குப் பயந்து வரம்பைத்தான் பார்ப்பேன்.

நண்பகலில் அந்த மணிக்கூடு பன்னிரண்டு காட்டும்போது போன்களில் பன்னிரண்டேகால் தாண்டியிருக்கும். கடைசிப்பக்கத்தார் முறையிடுவார்கள். என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "பழைய மணிக்கூடு பிந்தத்தான் செய்யும். பிந்தினா எல்லாருக்கும்தானே பிந்தும்!" அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கூட்டத்தில் இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். இரண்டு தரமும் நானே அறிக்கையில் எழுதியும் வைத்திருக்கிறேன். மிச்சப் பழியைத் துருசு பூட்டும் அப்புத்துரையின் தலையில் போட்டோம். பஸ் பிடிக்கிற அவசரத்தில் முந்திப் பூட்டுகிறாராம். பாவம், அந்த மனிதர் ரேடியோ மணிக்கு ஒரு நிமிடம்கூட முந்தியதில்லை.

கடைசிப்பக்கத்திலும் ஆகக் கடைசிக் காணி சங்கிலியுடையது. அவர் அன்னபாக்கியத்தின் கணவர். மற்றக் காணிகள் எல்லாம் பாய்ந்த பிறகு, துருசு பூட்டுமுன் கடைசி அரை மணித்தியாலம்தான் அந்தக் காணிக்கு. மூன்று சிறுபோகம் அடுத்தடுத்துக் கதிர் வரும் நேரத்தில் கருகியது. ஆறு வருடத்துக்கு முன்னர் ஒரு கூட்டத்தில் எழுந்து, "எனக்குத் தண்ணி காணாது ஐயா," என்றார். நான் சொன்ன பதில் என் கையெழுத்திலேயே கொப்பியில் இருக்கிறது. 'தண்ணீர் எல்லோருக்கும் ஒன்றே. சங்கிலிக்குக் காணி பார்க்கத் தெரியாததே காரணம் எனச் செயலாளர் விளக்கினார்.' சனம் சிரித்தது. அதற்குப் பிறகு சங்கிலி விதைக்கவில்லை. காணியில் பற்றை வளர்ந்தது. அவர் மற்றவர்களின் வயலுக்கு மருந்தடிக்கும் கூலி வேலைக்குப் போனார். என் வயலுக்கும் வந்தார்.

போன சிறுபோகத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாவி கொடுத்து முடிக்கும் நேரம், குமிழ் என் விரலோடு கழன்று வந்தது. குமிழில் இருந்து மணிக்கூட்டுக்குள் போகும் மெல்லிய தண்டு, குமிழ் பூட்டிய இடத்தில் முறிந்துவிட்டது. நெல்லுக்குள் கதிர் உருவாகி, குடலை தள்ளும் நேரம் அது. தண்ணீர் தவறினால் பதர்தான் மிஞ்சும். புதன்கிழமை கிளிநொச்சிக்கு ஓடினேன். இந்த மணிக்கூட்டுக்குத் தண்டு எங்கேயும் கிடையாது, புதிது ஒன்று வாங்குங்கள் என்றார்கள். வியாழக்கிழமை காலை அன்னபாக்கியத்தின் கடையில் போய் நின்றேன்.

அவர் பின்மூடியைக் கழற்றி, கண்ணில் உருப்பெருக்கி வில்லையைச் செருகி, முறிந்த தண்டை வெளியே எடுத்தார். இரண்டு அரிசிமணியை நீளத்துக்கு வைத்தால் எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேவைக்கு மேலேயே பார்த்தார் என்று எனக்குப் பட்டது.

"இதுக்குச் சாவி குடுக்கிறது ஆர் ஐயா?"

"நான்தான். வேற ஆர்?"

"நேரம் வைக்க முதலோ, வச்ச பிறகோ?"

"வச்ச பிறகுதான். துருசடியில வச்சிட்டு, நடந்துகொண்டு குடுப்பன். அதுக்கென்ன இப்ப? உனக்குச் செய்ய ஏலுமோ ஏலாதோ?"

"ஏலும்," என்றார். பழைய தண்டை ஒரு மருந்துக் குளிசை டப்பிக்குள் போட்டு மூடினார்.

"பழசு எப்பிடியோ அப்பிடியே செய். கூடக் குறைய ஒண்டும் வேண்டாம்," என்றேன். அவர் டப்பியை மேசையில் ஒரு பக்கமாக வைத்தார். மணிக்கூட்டை விட்டுப் போக முடியாததால் நான் கதிரையை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

தண்டுக்கு அவர் எடுத்த இரும்பு ஒரு தையல் மெசின் ஊசி. சிரட்டைக் கரியில் அதைச் சிவக்கச் சுட்டு, சாம்பலுக்குள் புதைத்து ஆற விட்டார். அப்படி ஆறினால்தான் இரும்பு இளகி, கடைய இடம் கொடுக்குமாம். பிறகு லேத்தில் பூட்டினார். மோட்டர் உறுமியது, அதன் பிறகு அவருக்கு நான் இல்லை. ஊசி சுழல, கையில் பிடித்த கூரிய உளியால் அதைத் தொட்டும் தொடாமலும் சீவினார். தலைமயிரை விட மெல்லிய இரும்புச் சுருள் விழுந்தது. அடிக்கடி நிறுத்தி அளந்தார், மறுபடி சீவினார். நுனியை முள் போல ஆக்கி, அதற்கு அடுத்த துண்டை அரத்தால் நாலு பக்கமும் ராவிச் சதுரமாக்கினார். நாலு பக்கமும் ஒரே அளவாக வரவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பல்லுச் சக்கரம் அதில் வழுக்கி நகராது என்று பிறகு சொன்னார்.

சதுரத்துக்குப் பின்னால் தண்டைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். மணிக்கூட்டுக்குள் இருக்கும் ஒரு கொளுக்கி அந்தப் பள்ளத்துக்குள் விழுந்துதான் தண்டைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை வெட்டப் போகும்போது அன்னபாக்கியத்தின் கை நின்றது. மோட்டர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த குளிசை டப்பியை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். வெயிலுக்குத் தலை சுற்றுகிறதாக்கும் என்று நான் நினைத்தேன். பிறகு உளியை வைத்துப் பள்ளத்தை வெட்டி முடித்தார்.

மற்ற நுனியில் குமிழ் பூட்ட மரை வெட்டினார். மறுபடி சுட்டு எண்ணெயில் தோய்த்தார். கடைசியில் ஒரு கரண்டியில் பித்தளைத் தூளைப் பரப்பி, தண்டை அதன் மேல் வைத்துச் சூடாக்கினார். வெள்ளை இரும்பு முதலில் வைக்கோல் நிறமானது, பிறகு மண் நிறம், பிறகு நாவற்பழ நிறம், கடைசியில் நல்ல நீலம். நீலம் வந்த அந்தக் கணமே கரண்டியைத் தட்டிவிட்டார். எனக்குள் இருந்த கோபக்காரன்கூட அதைப் பார்த்து வாயடைத்துப் போனான். மத்தியானம் மூன்று மணிக்கு மணிக்கூடு என் கையில் ஓடியது.

அடுத்த நாள் வெள்ளி. நண்பகலில் மணிக்கூடும் போனும் ஒரே நேரத்தில் பன்னிரண்டு காட்டின. கடைசிப்பக்கத்தார் வந்து வரம்பில் தண்ணீர் போகும் வாயை, வக்கடையை, வெட்டித் தண்ணீரைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்கள். என் கடைசித் துண்டு வயல் அரைகுறையாகக் கிடந்தது. செவ்வாயும் அப்படியே. அடுத்த வெள்ளியும் அப்படியே. தலைப்பக்கத்தில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். கோகுலன் என்று ஓர் இளம் கமக்காரன், வாய் கொஞ்சம் நீளம். "அந்த மனுசி தங்கட ஆக்களுக்கு வசதியா மணிக்கூட்டை முந்த வச்சிட்டுது, அண்ணை," என்றான். எனக்கு அது உடனே பிடித்துக்கொண்டது.

"மணிக்கூடும் போனும் ஒத்துப்போகுது எண்டுறியள். பிறகெப்பிடி அது முந்துது?" என்று விமலேஸ்வரி கேட்டாள்.

"உனக்கு வயல் விசயம் விளங்காது."

"உங்களுக்கு இப்ப குறையுது எண்டா, முந்தி ஆருக்கோ குறைஞ்சிருக்கு. அதை யோசிச்சியளோ?"

யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தியில் சனம் நிறைந்து நிற்கும் நேரம் பார்த்து, அன்னபாக்கியத்தின் கடை வாசலில் நின்று கத்தினேன். "நம்பித் தந்த பொருளில கை வச்சிட்டாய்! உங்கட ஆக்களின்ர புத்தி இதுதான்! அடுத்த ஞாயிறு கூட்டத்தில வைக்கிறன், இனி ஒருத்தரும் உன்னட்ட ஒரு ஊசிகூடத் திருத்தத் தரமாட்டினம்!" இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னது இதுதான்.

அவர் லேத்தை நிறுத்தினார். "உள்ளுக்கு வாங்கோ ஐயா," என்றார். வெளியே நின்றவர்கள் அந்தச் சின்ன அறைக்குள் வர முடியாது. நான் மட்டும் போய் அதே கதிரையில் இருந்தேன்.

மணிக்கூடு அன்றைக்கு நின்றுபோயிருந்தது. தண்ணீர் நாளில் மட்டும்தான் அதற்குச் சாவி. அவர் தான் செய்த நீலத் தண்டைக் கழற்றி வைத்தார். குளிசை டப்பியைத் திறந்து பழைய தண்டை எடுத்து உள்ளே பூட்டினார். குமிழ் இல்லாததால் வெளியே நீட்டிய துண்டை ஒரு குட்டிப் பிடியால் இறுக்கிப் பிடித்தார். முள்ளை ஆறு மணியில் வைத்து, தண்டை உள்ளே தள்ளி, மணிக்கூட்டை என் கையில் தந்தார்.

"வழமையாக் குடுக்கிற மாதிரிச் சாவி குடுங்கோ. இண்டைக்கு நடக்காமல், அதைப் பாத்துக்கொண்டு குடுங்கோ."

கொடுத்தேன். முதல் சுற்றிலேயே நிமிட முள் பின்பக்கம் ஒரு துளி நகர்ந்தது. கண் பிசகு என்று நினைத்தேன். பத்துச் சுற்றில் ஆறு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. இருபத்தைந்து சுற்றையும் முடித்தபோது முள் பதினேழு நிமிடம் பின்னால் போயிருந்தது.

அன்னபாக்கியம் தண்டை மறுபடி எடுத்து, வில்லையை என் கண்ணில் செருகிவிட்டார். பள்ளம் தேய்ந்து அகன்று போயிருந்தது. "இது அகண்டதால தண்டு ஆடுது. சாவி குடுக்கேக்க முள்ளையும் சேத்து இழுக்குது," என்றார்.

மணிக்கூடு நாள் முழுக்கப் பிந்தவே இல்லை. நான் நடந்துகொண்டு சாவி கொடுத்த அந்த ஒரு நிமிடத்தில்தான் அது பின்னால் போனது. அந்தப் பதினேழு நிமிடமும் தலைப்பக்கத்துக்குக் கூடியது. அப்புத்துரை ஆறு மணிக்குச் சரியாகத் துருசைப் பூட்ட, அதே பதினேழு நிமிடம் கடைசிப்பக்கத்துக்குக் குறைந்தது. அதுவும் ஆகக் கடைசிக் காணியில். எல்லோருக்கும் பிந்தவில்லை, ஒருவருக்குத்தான் பிந்தியது.

"எத்தினை வருசமா இப்பிடி?"

"பள்ளம் இவ்வளவு தேயிறதுக்கு ஒம்பது பத்து வருசமாவது வேணும் ஐயா."

சங்கிலி காணியை விட்டது ஆறு வருடத்துக்கு முன்னர். "அண்டைக்கே தெரிஞ்சும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எங்கட மனுசனிட்டச் சொன்னனான். வாயைத் திறக்காத, மணிக்கூட்டைப் பழுதாக்கினது நீதான் எண்டுதான் சொல்லுவினம் எண்டார்." பிடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார். "நான்தான், முத்துலிங்கம் ஐயா கோவக்காரன், ஆனா அப்பிடிச் சொல்லமாட்டார் எண்டனான்."

நான் நிலத்தைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார். "பழசு மாதிரியே செய் எண்டீங்கள். பள்ளத்தைக் கொஞ்சம் அகட்டி வெட்டியிருந்தா எல்லாம் பழையபடி ஓடியிருக்கும். எனக்கும் ஒரு கரைச்சல் இல்லை. யோசிச்சனான். கை வரேல்லை ஐயா."

நீலத் தண்டை மறுபடி பூட்டி மணிக்கூட்டைத் தந்தார். பழைய தண்டையும் டப்பியோடு, பிடியோடு என் கையில் வைத்தார். "இது உங்களிட்டயே இருக்கட்டும்," என்றார். நான் வெளியே வந்தபோது சந்தியில் நின்றவர்கள், நான் கத்தி வென்றுவிட்டேன் என்று நினைத்து வழி விட்டார்கள்.

அந்த ஒரு கிழமை பட்ட அவஸ்தையை என் வாழ்க்கையில் நான் வேறு எப்போதும் பட்டதில்லை. விசயம் மூன்று பேருக்குத்தான் தெரியும். மணிக்கூடு சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று மட்டும் கூட்டத்தில் சொல்லித் தப்பலாம். ஒன்பது வருடத் தண்ணீரை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் என் பக்கத்து ஆட்களே என்னைத் தின்றுவிடுவார்கள். இப்படி நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க, புதன்கிழமை விமலேஸ்வரி சந்தைக்குப் போய் வந்தாள். "நாலு பேர் பாக்கியத்திட்டக் குடுத்த சாமானைத் திருப்பி வாங்கிக்கொண்டு போட்டினமாம். ஒருத்தர் மூக்குக் கண்ணாடியைப் பாதி வேலையில வாங்கினவராம்," என்றாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வாய்க்கால் முழுதும் வந்திருந்தது. அன்னபாக்கியமும் சங்கிலியும் வாசலுக்குக் கிட்ட இருந்தார்கள். நான் பழைய தண்டை மணிக்கூட்டில் பூட்டிக் கொண்டுபோயிருந்தேன். அதைப் பூட்டத் தெரியாமல் விடியற்காலையிலேயே அவரிடம் போய்ப் பூட்டித் தரச் சொல்லிக் கேட்டதையும் எழுதிவிடுகிறேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

கோகுலனை முன்னால் கூப்பிட்டேன். முள்ளை ஆறில் வைத்து, எல்லோருக்கும் காட்டி, சாவி கொடுக்கச் சொன்னேன். கொடுத்து முடித்து மணிக்கூட்டைப் பார்த்தவன், இன்னொரு தரம் கொடுக்கலாமா என்று கேட்டான். சுருள் இறுகிவிட்டது, இனி இடம் கொடுக்காது என்றேன். மணிக்கூடு கை மாறி மாறிக் கடைசிக் கதிரை வரை போய் வந்தது.

நான் கொப்பியைப் புரட்டி, ஆறு வருடத்துக்கு முந்திய பக்கத்தை எடுத்து, சங்கிலியைப் பற்றி எழுதிய வரியை உரக்க வாசித்தேன். இந்த முறை சனம் சிரிக்கவில்லை. "இது பொய். காணி பாக்கத் தெரியாதவன் சங்கிலி இல்லை. மணிக்கூடு பாக்கத் தெரியாதவன் நான்," என்றேன். பிறகு அன்னபாக்கியத்தைப் பார்த்து, "சந்தியில கத்தினது பிழை, பாக்கியம். சந்திக்கும் வந்து அதைச் சொல்லுறன்," என்றேன்.

"இங்க சொன்னது காணும் ஐயா. சந்தியில இரைச்சல்," என்றார் அவர். அப்போதுதான் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், எனக்கும் மூச்சு வந்தது. ஆனாலும் அடுத்த நாள் சந்தியில் போய்ச் சொன்னேன்.

பேனையைத் திறந்து, "இந்த வரியை அடிச்சு விடட்டோ, சங்கிலி?" என்று கேட்டேன்.

சங்கிலி எழுந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. "வேண்டாம் ஐயா. அது கிடக்கட்டும். கீழ இண்டைக்கு நடந்ததையும் எழுதுங்கோ," என்றார். எழுதினேன். இனிமேல் கடைசிப்பக்கத்து ஆள் ஒருவர் முதலில் சாவி கொடுப்பது, அதன் பிறகுதான் நேரம் வைப்பது என்றும் எழுதினேன். எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள்.

இந்த வருடம் சங்கிலி பற்றையை வெட்டிச் சிறுபோகம் விதைத்திருக்கிறார். முதல் தண்ணீர் நாளில் பிள்ளையாருக்கு முன்னால் இருந்து மணிக்கூட்டை எடுத்து, "பிடியுங்கோ," என்று அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே சாவி கொடுத்தார். அன்று பின்னேரம் எனக்கு வயலில் வேலை இல்லை. வாய்க்கால் வரம்பால் நடந்து ஆகக் கடைசிக் காணிக்குப் போனேன். இருபது வருடச் செயலாளர், அந்தக் காணிக்கு அதற்கு முன் ஒரு தரமும் போனதில்லை.

அன்னபாக்கியம் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்து வரம்பில் நின்றார். ஆறு மணிக்குப் பதினேழு நிமிடம் இருந்தது. முந்தி இந்த மணிக்கூடு இந்த நேரத்தைக் காட்டும்போது துருசு பூட்டப்பட்டு, இங்கே வாய்க்கால் வற்றத் தொடங்கியிருக்கும். அவர்கள் இருவரும் தண்ணீரைப் பார்த்தார்கள், நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினேழு நிமிடம் இவ்வளவு நீளமானது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அப்புத்துரை துருசைப் பூட்டியபோது அந்தக் காணியின் மூலை வரை நனைந்திருந்தது.